பெயரைத் திருடும் நோய்

கொடுமுடிக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு முறை போய் வாருங்கள். ஈரோட்டிலிருந்து கரூர் மார்க்கமாகப் போகும் ரயிலில் ஏறினால் மஞ்சள் வயலும் கரும்புத் தோட்டமும் பார்த்துக்கொண்டே போய் இறங்கிவிடலாம். தெற்கு முகமாக ஓடிவரும் காவேரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறாள். கரையில் மகுடேசுவரர் கோயில். சிவன், விஷ்ணு, பிரம்மா ஆகிய மும்மூர்த்திகளும் ஒரே கோயிலில் இருக்கிற தலம் அது. உள்ளே மிகப் பழைய வன்னி மரம் ஒன்று உண்டு.

இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? கே. பி. சுந்தராம்பாள் அல்லவா? அந்த முதல் எழுத்து 'கே' என்பதே கொடுமுடிதான். 1908-ல் இங்கே பிறந்த அந்த அம்மாள், போன இடமெல்லாம் ஊர்ப் பெயரையும் தம்மோடு எடுத்துக்கொண்டு போனார். 'கொடுமுடி கோகிலம்' என்று நாடே அழைத்தது. ஒரு மனிதருக்கு ஊரும் உலகமும் சேர்ந்து கொடுக்கிற பெயர் எவ்வளவு பெரிய ஆபரணம், பாருங்கள்!

ஆனால் உலகம் கொடுக்கும் பெயர்களெல்லாம் ஆபரணங்கள் அல்ல. சில பெயர்கள் விலங்குகள். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு பெயரைப் பற்றியது.

கொடுமுடிக்கு வருகிறவர்களில் பலர் நாக தோஷப் பரிகாரத்துக்காக வருகிறார்கள். நாகர் சிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள். கொங்கு நாட்டுக் கிராமங்களில் புற்றுக்குப் பால் வார்ப்பதும் முட்டை வைப்பதும் சகஜம். புற்று என்றால் அங்கே சாமி. அதே சொல்லோடு 'நோய்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் என்ன ஆகிறது? கும்பிட்ட கை நடுங்குகிறது. பேசிக்கொண்டிருந்த குரல் தாழ்ந்துவிடுகிறது. "அதுங்க" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எது என்று கேட்டால், "அதானுங்க, அந்த வியாதி" என்பார்களே தவிர, வாயைத் திறந்து பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

நோயின் பெயரைச் சொல்ல இத்தனை அச்சம். ஆனால் நோயாளியின் பெயரை மறந்துவிட மட்டும் யாருக்கும் தயக்கமில்லை!

ஒரு வீட்டில்

கற்பனையாகவே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கொடுமுடிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள நடுத்தரக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளைத் தெருவே 'பெரியக்கா' என்று கூப்பிடும். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் நாளே போய்ப் பலகாரத்துக்கு மாவு பிசைகிறவள் அவள்தான். அவள் கை பக்குவத்துக்கு மறு பேச்சே கிடையாது.

ஒரு நாள் மார்பில் சின்னக் கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. ஆறு மாதம் போகிறது. பிறகு மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். டாக்டர் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மகனைத் தனியே கூப்பிடுகிறார். மகன் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஏனுங்க டாக்டரு, எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சும்மா கட்டின்னே சொல்லி வையுங்க."

அன்பினால்தான் சொல்கிறான். ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவளுக்கு மட்டும் தெரியாததாகிவிடுகிறது. உண்மையில் அவளுக்கும் தெரியும். மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் சொல்லிவிட்டாள். இப்போது அவளும் தெரியாதவள் போல் நடிக்கிறாள். வீடு முழுவதும் நாடகம். அழ வேண்டியவர்கள் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக அழுகிறார்கள்.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் வருகிறது. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் இணைச்சீர் என்றொரு சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் வந்து நிற்க, அருமைக்காரர் முன்னின்று நடத்துவார். கூடப் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய உரிமை கிடையாது. பெரியக்கா பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுத்து வைக்கிறாள். ஒரு பெரியவர் வந்து, பக்குவமாக, மிகவும் பக்குவமாகச் சொல்கிறார்: "அம்மிணி, உனக்கு ஒடம்பு தாங்காது. சீருக்குச் சின்னவளே நிக்கட்டும். நீ உக்காந்து பாரு கண்ணு."

உடம்பு தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னவருக்கும் தெரியும். மண்டபத்தில் அவள் காதுபட ஒரு குரல், "அந்தக் கான்சர்க்காரம்மா வந்திருக்குது" என்கிறது.

அன்றோடு பெரியக்கா போய்விட்டாள். நோய் அவள் உயிரைத் தொடவில்லை. பெயரைத் தொட்டுவிட்டது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்று இதில் தெரிகிறதா, இல்லையா?

சூடு போட்ட அடையாளம்

பழைய கிரேக்கர்கள் அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் உடம்பில் கீறியோ சூடு போட்டோ அடையாளம் வைப்பார்களாம். அந்தத் தழும்புக்கு 'ஸ்டிக்மா' என்று பெயர். இர்விங் காஃப்மன் என்ற சமூகவியலார் 1963-ல் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். தழும்பு உடம்பில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பொருள் கொடுப்பது பார்க்கிறவனுடைய கண் என்பதுதான் அதன் சாரம். நாம் 'களங்கம்' என்கிறோம்.

சூசன் ஸொண்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. படுக்கையில் கிடந்தபோது அவர் கவனித்தது நோயை மட்டுமல்ல. நோயைப் பற்றி மனிதர்கள் பேசுகிற பேச்சையும்தான். 1978-ல் அதைப் புத்தகமாக்கினார். முன்பு காச நோயைப் பற்றி எத்தனை கதை கட்டினார்களோ, அத்தனையும் காரணம் புரியாத இன்னொரு நோயின் தலையில் ஏறிவிட்டன என்றார். மனத்துக்குள் எதையோ அடக்கி வைத்ததால் வந்தது என்று மேல்நாட்டில் சொன்னார்களாம். நம் பக்கத்தில் போன ஜன்மத்துப் பாவம் என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான்.

இதில் அரசியல் மேடைகளுக்கும் பங்கு உண்டு. லஞ்சம் என்றால் 'சமூகத்தின் புற்றுநோய்'. வேண்டாத கட்சி என்றால் 'நாட்டைப் பிடித்த புற்றுநோய்'. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களில் சிகிச்சை முடித்துத் தலையில் முக்காடு போட்டு வந்த ஒரு பெண்ணும் இருக்கக்கூடும் என்று பேசுகிறவர் நினைப்பதே இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா இந்தப் பேச்சை ஆயுள் முழுவதும் கண்டித்துவந்தார்.

களங்கம் அறிந்த டாக்டர்

அந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையே இந்தக் களங்கத்தோடு நடந்த போராட்டந்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை உங்களுக்குத் தெரியும். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெற்றோரின் மணத்தை ஊர் ஒப்பவில்லை. 'இன்னாருடைய பெண்' என்று முதுகுக்குப் பின்னால் பேசும் பேச்சு அவருக்குப் பால்யத்திலேயே பழக்கம். மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்த்தபோது எழுந்த எதிர்ப்பும் கொஞ்சமல்ல. அதையெல்லாம் தாண்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு சட்டசபைக்குப் போய்த் துணைத் தலைவராகவும் வீற்றிருந்தார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் பட்ட பாடு சரித்திரம்.

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனாள். முதலில் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்களாம். டாக்டரின் வீட்டிலேயே இப்படி நடந்தால் மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இந்த நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டாமல் விடுவதில்லை என்று அப்போது அவர் உறுதி எடுத்துக்கொண்டார். உறுதி நிறைவேற முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. 'இந்த நோய் வந்தவர்கள் எப்படியும் சாகப்போகிறார்கள். அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?' என்பதுதான் அதிகாரத்தில் இருந்தவர்களின் எண்ணம். கதவு கதவாகத் தட்டி நிதி சேர்த்தார். 1952-ல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது.

முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை முன்னின்று நடத்தினார். 1955-ல் இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். சர் சி. வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். நல்ல அரசாங்க உத்தியோகம் கையில் கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். 2005-ல் மகசேசே விருதும் 2016-ல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 2021 ஜனவரி 19-ல், 93-ம் வயதில், காலமானார்.

பிறப்பால் வந்த களங்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட அம்மாளே நோயால் வந்த களங்கத்தையும் ஒழிக்க முனைந்தது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு மனிதரைப் பார்த்ததும், அவர் யார் என்று கேட்காமல், அவர்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிற வழக்கம் எவ்வளவு கொடியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒட்டுமா? தொற்றுமா?

இனி உங்கள் சந்தேகங்களுக்கு வருவோம். சில வீடுகளில் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கிறார்களே, அது அவசியமா? அவசியமே இல்லை. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் தொற்றாது. கருப்பைவாய்ப் புற்றுக்கும் ஈரல் புற்றுக்கும் காரணமாகும் சில வைரஸ்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் என்பது உண்மை. அவற்றுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஆனால் புற்றுநோய் என்பது ஒருவருடைய சொந்த உடம்பின் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. அது உங்கள் டம்ளருக்கு வராது.

கதிர்வீச்சுச் சிகிச்சை செய்துகொண்டவர் குழந்தையைத் தூக்கலாமா? வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் வழக்கமான சிகிச்சை என்றால் தாராளமாகத் தூக்கலாம். கதிர் உடம்புக்குள் தங்குவதில்லை. தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் சாப்பிடுவது போன்ற சில சிகிச்சைகளில் மட்டும் சிறிது காலம் விலகியிருக்கும்படி டாக்டரே சொல்லிவிடுவார்.

பரம்பரையாக வருமா? பெண் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி இதுதான். மொத்தத்தில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பெற்றோர் வழி வந்த மரபணுக் கோளாறு காரணம். மற்றவர்களுக்கு வயது, புகையிலை, கிருமி, இன்னும் பல காரணங்கள். பலருக்குக் காரணமே தெரியாது. ஆகவே, தாய்க்கு வந்தது என்ற ஒன்றுக்காக மகளின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

வந்தால் போக வேண்டியதுதானா? 1947-ல் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை ஒன்றைக்கூடக் காப்பாற்ற வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் பாஸ்டன் நகரத்தில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்து உருவான ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தியவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! இன்று நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் அதே நோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 80-க்கு மேற்பட்டோர் பிழைத்து, பள்ளிக்கூடம் போய், வேலைக்கும் போகிறார்கள்.

பெரியவர்களுக்கும் அப்படித்தான். மார்பகம், வாய், கருப்பைவாய் ஆகியவற்றில் வரும் நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் யார் வருகிறார்கள்? கட்டி சின்னதாக இருக்கும்போது வெட்கம், பெரிதானபோது பயம், வெளியே தெரிந்தபோது 'மகள் கல்யாணம் முடியட்டும்' என்ற யோசனை. களங்கம் மனத்தை நோகடிக்கும் விஷயம் மட்டுமல்ல, வாசகர்களே. அது நாளைக் கடத்துகிறது. கடந்த நாள் ஆளைக் கொல்கிறது.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அந்த நான்கில் கொடுமுடி சேர்ந்த ஈரோடு மாவட்டமும் ஒன்று. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் பரிசோதனை. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனை. கட்டணம் கிடையாது. கூப்பிடத்தான் அரசாங்கத்தால் முடியும். வீட்டை விட்டுக் கிளம்புவது நம் கையில் அல்லவா இருக்கிறது?

'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்பது நம் பெரியோர் வாக்கு. மகுடேசுவரரைக் கும்பிட வேண்டாமென்று யார் சொன்னார்கள்? வன்னி மரத்தைச் சுற்றுங்கள். நாகருக்கு மஞ்சள் பூசுங்கள். ஆனால் பரிகாரத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளாதீர்கள். நோயைத் தோஷம் என்று சொல்லி, வந்தவரைத் தோஷக்காரர் ஆக்காதீர்கள்.

நான் யார்?

பங்குனியில் கொடுமுடிக் காவேரியில் தீர்த்தம் எடுத்துக் காவடி சுமந்து பழனிக்கு நடக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? பழனியில் முடி கொடுத்துவிட்டு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பும் பெண்களுக்கு வெட்கமா இருக்கிறது? பெருமை அல்லவா பொங்குகிறது! மருந்தினால் முடி உதிர்ந்த பெண்ணோ கண்ணாடியைத் துணி போட்டு மூடுகிறாள். இரண்டும் ஒரே தலைதான். இரண்டிலும் முடி திரும்ப வளரும். ஒன்றை வேண்டுதல் என்று ஊர் சொல்கிறது. மற்றதை விதி என்கிறது. வித்தியாசம் தலையில் இல்லை. ஊரின் வாயில் இருக்கிறது.

ஆனாலும் நோயாளியின் உள்ளத்தில் எழும் கேள்வி சாமான்யமானதல்ல. ஒரு மார்பு போன பின், குரல்வளையை எடுத்த பின், 'நான் பழைய நான்தானா?' என்று மனம் கேட்கிறது. இதற்கு ஒவ்வொருவர் கண்ட விடையும் ஒவ்வொரு விதம்.

திருவண்ணாமலை ரமண மகரிஷிக்கு 1949-ல் இடது கையில் புற்றுக் கட்டி வந்தது. பல முறை ஆபரேஷன் செய்தும் திரும்பத் திரும்ப வளர்ந்தது. அவர் அதை மறைக்கவுமில்லை, அதற்காக ஒளிந்துகொள்ளவுமில்லை. 1950 ஏப்ரல் 14-ல் உடலை விடும் வரையில் பக்தர்களுக்குத் தரிசனம் தருவதை நிறுத்தவில்லை. நோய் உடம்புக்கு வந்தது, தமக்கு அல்ல என்பது அவர் நிலை. 'நான் யார்?' என்று ஆயுள் முழுவதும் கேட்கச் சொன்னவர் ஆயிற்றே!

நாமெல்லோரும் மகரிஷிகளாக முடியுமா? வேண்டாம். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 உலகக் கோப்பைப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். பிறகு புற்றுநோய் என்று தெரிந்து அமெரிக்காவில் சிகிச்சை பெற்றார். 2012 செப்டம்பரில் அவர் மறுபடியும் இந்தியாவுக்காக மட்டை பிடித்த மைதானம் நம் சென்னைச் சேப்பாக்கம்தான். அன்று கூடியிருந்தவர்கள் நோயாளியையா பார்த்தார்கள்? யுவராஜைப் பார்த்தார்கள். நடிகை கௌதமியும் தமக்கு வந்த மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசி, மற்றவர்களுக்குத் துணை செய்ய ஓர் அமைப்பையும் ஏற்படுத்தினார்.

அமெரிக்காவில் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற டாக்டருக்கே இந்த நோய் வந்தது. குணமானவன், ஆகாதவன் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம். நோய் தெரிந்த நாளிலிருந்தே வாழ்கிறவன் என்று எண்ணுங்கள் என்று 1985-ல் எழுதினார். அது பலருக்குத் தெம்பு தந்தது. ஆனால் எல்லோருக்கும் எல்லாப் பட்டமும் பிடிப்பதில்லை. 'போராளி', 'வென்றவர்' என்று கொண்டாடினால் சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கோ பாரம். வென்றவர் என்று ஒருவரைச் சொன்னால், பக்கத்துப் படுக்கையில் இறந்தவள் தோற்றுவிட்டாளா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'ஐயோ பாவம்' என்பதும் ஒரு சீட்டு; 'வீராங்கனை' என்பதும் ஒரு சீட்டு. எதை அணிவது, எதைக் கழற்றுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவரவருடையது.

நீங்கள் செய்யக்கூடியது

பெரிய தர்மம் ஒன்றும் வேண்டாம். சின்னச் சின்னக் காரியங்கள் போதும்.

பார்க்கப் போனால் வாசலில் நின்று பேசாதீர்கள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். காப்பி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்; அந்த ஒரு டம்ளர் காப்பி ஆயிரம் ஆறுதல் மொழிக்குச் சமம். 'எங்கள் சித்தப்பாவுக்கும் இதுதான், மூன்றே மாதந்தான்' என்று கணக்குச் சொல்லாதீர்கள். பப்பாளி இலையும் பசுங்கோமியமும் சொல்லிச் சிகிச்சையை நிறுத்த வைக்காதீர்கள். நோயைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் மஞ்சள் விலையைப் பேசுங்கள். அவரும் மனிதர்தானே, மஞ்சள் விலை அவருக்கும் வேண்டும்.

வீட்டு மனிதர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மறைப்பது அன்பு என்று எண்ணுகிறீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். சொத்து விவகாரமும் மகள் கல்யாணமும் மட்டுமல்ல, தம் உடம்பைப் பற்றிய முடிவும் அவருடையதுதான். அடுப்படி வேலையைக் குறைத்துக் கொடுங்கள், அடியோடு பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

விசேஷம் என்றால் முதல் பத்திரிகையை அவருக்கு வையுங்கள். மாவு பிசைய முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவம் சொல்லட்டும். இணைச்சீருக்கு நிற்க வேண்டியவள் அவள் என்றால், அவளே நிற்கட்டும். கால் கடுத்தால் ஒரு நாற்காலி போடுங்கள். நாற்காலி போட்டு நடத்திய சீர் செல்லாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

முக்கியமாக, பெரியக்காவைப் பெரியக்கா என்றே கூப்பிடுங்கள். நோய்க்கு மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. பெயரைப் பத்திரமாக வைத்திருந்து கொடுப்பது நம் எல்லோருடைய வேலை.